பீம்ராவை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்த மாமன்றம்

பீம்ராவ் தைத்த தார்ப்பாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காது. மணலி, எண்ணூர் பக்கம் வண்டி ஓட்டுகிற லாரிக்காரர்கள் அத்தனை பேருக்கும் இது தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? சொந்த லாரி வைத்திருந்தவர்களெல்லாம் இப்போது கம்பெனி லாரிக்கு டிரைவர்களாகிவிட்டார்கள். கம்பெனிகளோ எதை வாங்குவதானாலும் நெட்டில் தேடித்தான் வாங்குகின்றன. டோல்கேட்டில் இருக்கும் பீம்ராவின் கடையில் மூன்று தையல் மிஷின்களில் இரண்டு, துணி போர்த்திக்கொண்டு சும்மா நின்றன. மூன்றாவதையும் போர்த்திவிட்டால், கடையைக் காலி செய்துவிட்டு மச்சான் வேலை பார்க்கும் குடோனுக்கு மூட்டை எண்ணப் போக வேண்டியதுதான். மூட்டை எண்ணுவது கேவலம் என்று அவர் நினைக்கவில்லை. ஆனால் தன் பெயரில் ஒரு கடை இல்லாமல் போவதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில் எண்ணூரில் ஒரு கன்டெய்னர் யார்டுக்கு, நிரந்தரமாகத் தார்ப்பாய் தைத்துக் கொடுக்க ஆள் தேவைப்பட்டது. பீம்ராவ் சாம்பிள் துண்டு ஒன்றைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். யார்டில் பொருள் வாங்கும் அதிகாரி உஸ்மா என்ற பெண். அவர் அந்தத் துண்டை இழுத்துப் பார்த்தார், நகத்தால் சுரண்டினார், தன் பாட்டிலிலிருந்த தண்ணீரை அதில் ஊற்றி அடியில் கையை வைத்துப் பார்த்தார். கை நனையவில்லை.

“பிரமாதமா இருக்கு சார். ஆனா உங்ககிட்ட வாங்க முடியாது.”

“ஏன் மேடம்?”

“‘லாரி தார்ப்பாய் சென்னை’ன்னு தேடினா முதல் பக்கத்துல யார் வர்றாங்களோ அவங்ககிட்டதான் வாங்கணும். தலைமை ஆபீஸ் உத்தரவு.”

“நான் உங்க எதுர்லயே குந்திக்கினு கீறேனே மேடம்.”

“எதிர்ல இருக்கீங்க. முதல் பக்கத்துல இல்லையே.”

உஸ்மா நல்ல மனுஷி. கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். பீம்ராவ் எப்போதோ பேருக்குத் தொடங்கிய வெப்சைட், பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போன பிறகு, மழைக்கு ஒதுங்கிய ஓர் ஆட்டுக்குட்டியின் போட்டோவுக்குக் கீழே வந்தது. மற்ற சைட்டுகளிலிருந்து இவருடைய சைட்டுக்கு லிங்க் வர வேண்டும், நாலு பேர் சொன்னால்தான் நெட் நம்பும் என்று உஸ்மா விளக்கினார். “அதைக் கட்டிக் கொடுக்க ஏஜென்சி இருக்கு. இல்லேன்னா நீங்களே செய்யலாம். மாசக் கடைசி வரைக்கும் நான் இழுத்துப் பிடிக்கிறேன்.”

வெளியே கொடுப்பதா, தானே செய்வதா? பீம்ராவ் வியாசர்பாடி வீட்டுக்குப் போய் மனைவி மதியிடம் கேட்டார். “உனக்குத் தெரிஞ்சா நீ பண்ணு. தெரியலன்னா தெரிஞ்சவன்கிட்ட குடு. இதுக்கு இன்னாத்துக்கு இம்மாம் பெரிய யோசனை?” என்றாள் மதி. விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பீம்ராவ் ஒரு மாமன்றத்தின் உறுப்பினர். மாமன்றத்தைக் கேட்காமல் எந்த உறுப்பினரும் தன் கடைக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்று விதி இருந்தது.

வடசென்னை லாரித் தார்ப்பாய் மற்றும் கயிறு தொழில் முன்னேற்ற மாமன்றம் தொழிலை எவ்வளவு முன்னேற்றியிருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. வேலை நாளின் நடு மத்தியானத்தில் கூட்டம் போட்டாலும் உறுப்பினர்கள் ஒருவர் விடாமல் வர முடிந்தது. அதுவே பதில். அதன் தலைவர் நீலமேகம், கயிற்றுக் கடையை மகனிடம் விட்டுவிட்டுத் தலைமை தாங்குவதையே முழுநேரத் தொழிலாக எடுத்துக்கொண்டவர். செயலாளர் ஜுபைர் பாய், தலைவர் பேசி முடித்ததும் அதையே இன்னொரு முறை பேசுபவர். மாமன்றத்துக்கு ஒரே ஒரு காரியம் மட்டும் அபாரமாகச் செய்ய வரும். உறுப்பினர் யாராவது கண்ணை மூடினால், உடம்பு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் சுவரில் ஏறியிருக்கும். வெளியூர்ச் சங்கங்கள்கூட இதைப் பார்த்துப் பொறாமைப்பட்டன.

பீம்ராவின் விண்ணப்பத்தை விவாதிக்கச் சிறப்புக் கூட்டம் கூடியது. டயர் கடைக்கு மேல்மாடியில் டிஜிட்டல் ஏஜென்சி நடத்தும் அஜின் என்ற இளைஞரையும் கருத்துச் சொல்ல அழைத்திருந்தார்கள். அவர் கோட்டு போட்டுக்கொண்டு வந்து வேர்த்துக்கொண்டே பேசினார்.

“ஐயா, முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். முதல் பக்கத்துக்குக் கொண்டுவர்றேன்னு யாராவது கேரண்டி கொடுத்தா அவன் ஃப்ராடு. நாங்க எந்த கேரண்டியும் கொடுக்க மாட்டோம். அதனால எங்களை நீங்க தாராளமா நம்பலாம்.”

பலத்த கைதட்டல். ஜுபைர் பாய் கேட்டார்: “லிங்க்கெல்லாம் எங்கேர்ந்து வரும் தம்பி?”

“அது தொழில் ரகசியம் பாய். உண்மையைச் சொன்னா எங்களுக்கும் தெரியாது. நாங்க இன்னொரு கம்பெனிக்கு வெளியே கொடுக்கிறோம். அவங்க வேற ஒருத்தருக்கு வெளியே கொடுக்கிறாங்க. அவரும் கொடுக்கிறாரு.”

“அப்போ கடைசீல எவன்தான்பா வேலை செய்றான்?”

“கடைசி ஆள் வரைக்கும் போய்ப் பார்த்தவங்க யாருமே இல்ல பாய். இந்த ஃபீல்டு அவ்வளவு ஆழம்.”

திருவொற்றியூரில் ஒரு மாவுக் கடைக்கு அவர் கட்டிக் கொடுத்த லிங்குகளைத் திரையில் காட்டினார். ஏதோ ஒரு நாட்டின் நாய்ச்சோறு சைட்டிலிருந்து ஒன்று, பல்செட்டு சைட்டிலிருந்து ஒன்று, பனிச்சறுக்குப் பள்ளியிலிருந்து ஒன்று. பீம்ராவால் பொறுக்க முடியவில்லை.

“நாய்ச்சோத்துக்கும் தார்ப்பாய்க்கும் இன்னா தம்பி சம்பந்தம்?”

“மழை பெஞ்சா நாயும்தானே சார் நனையும்?” என்றார் அஜின். பீம்ராவ் உட்கார்ந்துவிட்டார்.

நாமே செய்தால் என்ன செய்ய வேண்டும் என்று தலைவர் கேட்டார். பிறருக்குப் பயன்படுகிற மாதிரி நாலு விஷயம் எழுத வேண்டும், ஒவ்வொருவரையும் தேடிப்போய்ப் பணிவாகக் கேட்க வேண்டும், பிறகு பொறுமையாகக் காத்திருக்க வேண்டும் என்று அஜின் சொன்னார். கூட்டத்தில் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பயன்பாடு, பணிவு, பொறுமை ஆகிய மூன்றையும் மாமன்றம் இதுவரை முயன்று பார்த்ததில்லை.

நீலமேகம் எழுந்தார். “வெளிய குடுத்தா நம்ம மானம் போவும். நாமளே பண்ணா நாம வேலை செய்யணும். ரெண்டுமே மாமன்றத்தோட கொள்கைக்கு ஆவாது. ஆனா ஒரு உறுப்பினரு கண் கலங்கி நிக்கிறாரு. அவரைக் கைவுட்டாங்கன்னு நாளைக்கு எவனும் சொல்லக் கூடாது. அதனால எல்லா முடிவையும் எடுக்க நானும் பாயும் ஒரு குழுவா இருக்கிறோம்.” ஜுபைர் பாயும் எழுந்து இதையே சொன்னார். தீர்மானம் நிறைவேறியது.

கூட்டம் கலையும்போது நீலமேகம் அஜினைத் தனியே கூப்பிட்டு, “லிங்க்குன்னா இன்னான்னு சுருக்கமா சொல்லுபா” என்று கேட்டார். அஜின் நெற்றியைத் துடைத்துக்கொண்டே, “மத்தவங்க தானா முன்வந்து உங்களைப் பத்தி நல்ல விதமா சொல்லணும் ஐயா. அவ்வளவுதான்” என்றார். நீலமேகம் கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார். பிறகு பீம்ராவின் தோளைத் தட்டி, “நீ நிம்மதியா வூட்டுக்குப் போ பீமு. மத்தத நாங்க பாத்துக்கறோம்” என்றார். பல மாதங்களுக்குப் பிறகு பீம்ராவ் அன்று நன்றாகச் சாப்பிட்டார்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் ஷேர் ஆட்டோவில் கடைக்கு வந்துகொண்டிருந்தார். டோல்கேட் சிக்னலில் ஆட்டோ நின்றது. எதிர்ச் சுவரில் ஒரு போஸ்டர். உறுப்பினர் அட்டைக்காக எடுத்த போட்டோவில் பீம்ராவ் பாதிக் கண்ணை மூடியபடி இருந்தார். ‘கண்ணீர் அஞ்சலி! மழைக்கே எமனாக நின்ற தார்ப்பாய்த் திலகத்தை எமன் கொண்டுசென்றானே!’ என்று எழுதியிருந்தது. அதன் கீழே வெப்சைட் முகவரி, அவர் பெயரைவிடப் பெரிய எழுத்தில். அதற்கும் கீழே, காலமானவரைவிடப் பெரிதாக நீலமேகம் கைகூப்பிக்கொண்டு நின்றார்.

“பாவம் நைனா. நல்ல மனுசன்” என்று உச்சுக் கொட்டினார் ஆட்டோ டிரைவர். “எங்கண்ணன் வண்டிக்கு அவருதான் தச்சுக் குடுத்தாரு.”

“அது நான்தாம்பா.”

டிரைவர் கண்ணாடியில் பீம்ராவைப் பார்த்தார். பிறகு போஸ்டரைப் பார்த்தார். “இல்ல நைனா, அவரு நல்ல கலரா கீறாரு” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

பீம்ராவ் மூச்சிரைக்க மாமன்றத்துக்குள் நுழைந்தபோது, நீலமேகம் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“தலைவரே, இன்னா இது? நான் உயிரோட கீறேன்!”

“அது உன்னோட சொந்த விஷயம் பீமு. நீ செத்தது மாமன்றத் தீர்மானம்.”

“எதுக்குண்ணே?”

“குந்து, சொல்றேன். ஒருத்தனப் பத்தி ஊருல அல்லாரும் தானா முன்வந்து, பத்து பைசா வாங்காம, நல்ல வார்த்தை சொல்றது எப்போ? நீயே சொல்லு. நான் இத்தினி வருசமா தலைவரா கீறேன். ஒருத்தனாவது என்னிய நல்லவன்னு சொல்லிக்கீறானா? நான் செத்துப் பூட்டா சொல்லுவான். அந்த நாள நெனச்சுத்தான் நானே உசுரோட கீறேன்.” கடைசி வாக்கியத்தில் அவர் குரல் நிஜமாகவே தழுதழுத்தது.

அஜினின் ஏஜென்சிக்குத் தெரியாத ஒன்று நீலமேகத்துக்குத் தெரிந்திருந்தது. இந்தப் பக்கத்தில் ஒரு சங்கம் அஞ்சலி போட்டால் அடுத்த சங்கம் போட்டே ஆக வேண்டும். போடாவிட்டால் நாளைக்கு அவர்கள் வீட்டுச் சாவுக்கு ஒருவனும் எட்டிப் பார்க்க மாட்டான். கிரேன் ஓட்டுநர் சங்கம் தன் சைட்டில் அஞ்சலி போட்டது. அதைப் பார்த்து ஐஸ் வியாபாரிகள் போட்டார்கள். நெட்டுக்குப்பத்துப் படகுக்காரர்கள் போட்டதும், தங்கள் பெயர் விடுபட்டதே என்று காத்திவாக்கத்து இறால் வியாபாரிகள் இரண்டு முறை போட்டார்கள். எல்லோருக்கும் அனுப்பிய சாவுச் செய்தியில் ஜுபைர் பாய் ஒரு வரியைச் சேர்த்திருந்தார்: ‘மறைந்தவரின் வெப்சைட் முகவரியைப் பிழையில்லாமல் போடவும். இதுவே அவரது கடைசி ஆசை.’

வளைகுடாவிலிருந்து ஒரு தமிழ்ச் சங்கம் இரங்கல் கவிதை வெளியிட்டது. பீம்ராவ் படிக்காத ஒரு பள்ளிக்கூடம், அவர் தங்கள் பழைய மாணவர் என்று பெருமைப்பட்டது. இன்னொரு அமைப்பு வாழ்நாள் சாதனையாளர் விருது கொடுத்துவிட்டு, வாழ்நாள் முடிந்துவிட்டதால் விருதை நேரில் வந்து வாங்கத் தேவையில்லை என்றும் அறிவித்தது.

ராயபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. பீம்ராவுக்கு அழைப்பு இல்லை. இருந்தாலும் மனசு கேட்காமல் போனார். புயலில் நடந்தே போய் நிவாரண முகாமுக்குக் கூரை போட்டுத் தந்தவர் என்று ஒருவர் பேசினார். கூலி தராதவனிடம்கூட முகம் கோணாதவர் என்றார் இன்னொருவர். அதெல்லாம் நிஜம்தான். ஒருவரும் இதுவரை அவரிடம் சொன்னதில்லை, அவ்வளவுதான். இவ்வளவு நல்லவனாக இருந்தது தெரியாமலே இத்தனை காலம் இருந்துவிட்டோமே என்று பீம்ராவுக்கு அழுகை பீறிட்டு வந்தது. ஜுபைர் பாய் ஓடிவந்து, “பின்னாடி போய் அழுங்க பீமு, போட்டோல வுழுறீங்க” என்று அவரைத் தூணுக்குப் பின்னால் நகர்த்தினார்.

அந்த வாரமே ‘லாரி தார்ப்பாய் சென்னை’ என்று தேடினால் முதல் பக்கத்தில், முதல் இடத்தில் பீம்ராவ் வந்தார். ஆட்டுக்குட்டி இருந்த இடம் தெரியவில்லை.

அஜின் கோட்டு இல்லாமல், ஸ்வீட் டப்பாவோடு மாமன்றத்துக்கு வந்தார். “ஐயா, எங்க கிளையன்டுகளோட லிங்க் வேலையெல்லாம் வெளியே கொடுக்க ஒரு நல்ல இடம் தேடிட்டிருக்கோம். நீங்க எடுத்துக்கணும்” என்று பணிவாகக் கேட்டார். நீலமேகம் மீசையைத் தடவிக்கொண்டார். “எடுத்துக்கலாம்பா. உன் ஆளுங்க சாவறதுக்கு ரெடியா?” அஜின் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

யார்டிலிருந்து உஸ்மா கடைக்கு போன் செய்தார். மதிதான் எடுத்தாள். “முதல் இடத்துல வந்திருக்கீங்க, வாழ்த்துகள். ஆழ்ந்த இரங்கல்” என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, வாரிசை நேரில் வரச் சொன்னார். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே போனார்கள். பீம்ராவைப் பார்த்ததும் உஸ்மா எழுந்து நின்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

“சார், நீங்க இருக்கறதுல எனக்குத் தனிப்பட்ட முறையில ரொம்ப சந்தோஷம். ஆனா செத்தவர் பேர்ல ஆர்டர் போட முடியாது.”

“தொட்டுப் பாருங்க மேடம். சூடா கீது.”

“என் கண்ணையும் கையையும் நம்பி ஆர்டர் போட எனக்கு அதிகாரம் இல்ல சார். நெட்டுல உங்க சைட்டுக்குக் கீழ வரிசையா நீங்க செத்துட்டதாத்தான் போட்டிருக்கு. தலைமை ஆபீஸ்ல அதைத்தான் பார்ப்பாங்க.”

“சாவு சர்ட்டிபிகேட் எதுனா வேணுமா?” என்று கேட்டாள் மதி.

“எதுக்கும்மா? முதல் பக்கத்துல வந்திருக்கே.”

இரண்டே வழிதான் இருந்தது. அஞ்சலிகளையெல்லாம் எடுக்கச் சொல்லலாம். அப்போது லிங்குகளும் போய்விடும், பீம்ராவ் ஆட்டுக்குட்டிக்குக் கீழே போய்விடுவார். அல்லது மதி வாரிசு என்று கையெழுத்துப் போட்டு, கடையைத் தன் பெயருக்கு மாற்றி, ஆர்டரை வாங்கிக்கொள்ளலாம். நாளைக்குள் சொல்ல வேண்டும் என்றார் உஸ்மா.

பீம்ராவ் கடைசி முயற்சியாக நீலமேகத்திடம் போனார். ஒருத்தரும் எடுக்க வேண்டாம், உயிரோடிருக்கிறார் என்று ஒரு வரி சேர்த்தால் போதும் என்று கெஞ்சினார்.

“போட்ட அஞ்சலிய வாபஸ் வாங்குன சங்கம் ஒண்ணு காட்டு பாக்கலாம்” என்றார் நீலமேகம். “அத்தினி சங்கத்துக்காரனும் உனக்காவ அழுதுகீறான். அவன் கண்ணீரத் திருப்பிக் குடுக்க நம்ம விதியில எடமே கெடையாது. இப்போ போய் நீ கீறேன்னு சொன்னா, நாளைக்கு நெஜமாலுமே எவனாவது செத்தா ஊரு நம்புமா? ஒரு தனி மனுசன் உயிரு பெருசா, மாமன்றத்தோட நம்பகத்தன்மை பெருசா? வேணும்னா மறுபடி பொறந்துக்கினு வா. வரவேற்பு போஸ்டர் ஜோரா போட்டுர்றோம்.”

அன்று வீட்டில் பீம்ராவ் தட்டைத் தள்ளிவிட்டார். “என் பேருல ஒரு கடை இருக்கணும்னு ஆசைப்பட்டேன் மதி. அதுக்குத்தானே இம்மாம் பேஜாரு. இப்போ கடை இருக்கணும்னா என் பேரு இருக்கக் கூடாதாம்.”

மதிக்கும் வருத்தம்தான். ஆனால் அவள் வருத்தத்தை உட்கார வைத்துப் பேசுகிறவள் இல்லை. “பேரு சுவத்துல கீது, நெட்டுல கீது, அரபு நாட்டுல கூட கீது. ஆளு இங்க கீற. எனக்கு ஆளு போதும்யா. நாளைக்கு மிஷினு ஓடணும், அவ்ளோதான். சாப்புடு.”

“கையெழுத்து போடப் போறப்போ, உன் நெத்திப் பொட்ட எடுக்கச் சொல்லுவாங்களா?” என்று மெல்லக் கேட்டார் பீம்ராவ். அவருக்கு உண்மையில் இருந்த பயம் அதுதான்.

“எவ எடுப்பா? சொல்லட்டும் பாக்கறேன்.”

மறுநாள் மதி வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பெரிய பொட்டு வைத்துக்கொண்டு, தலை நிறையப் பூவோடு போய், மறைந்த பீம்ராவின் மனைவி என்று கையெழுத்துப் போட்டாள். உஸ்மா பொட்டைப் பார்த்தார். இனிப்பு கொடுத்து அனுப்பினார்.

செய்தி பரவியதும் மாமன்றத்தில் கூட்டம் தாங்கவில்லை. எங்களுக்கும் அஞ்சலி போடுங்கள் என்று எல்லா உறுப்பினர்களும் வரிசையில் நின்றார்கள். சந்தா பாக்கி வைத்தவர்களுக்குச் சாக உரிமை இல்லை என்று ஜுபைர் பாய் கறாராகச் சொன்னார். தலைவர் இருக்கும்போது உறுப்பினர்கள் முந்திக்கொள்வது மரபல்ல, அடுத்தது நான்தான் என்று நீலமேகம் அடம்பிடித்தார். அப்படியானால் தலைவர் பதவி காலியாகுமே என்று ஜுபைர் பாய் பவ்யமாக நினைவூட்டினார். அன்றோடு அந்த விவகாரம் கிடப்பில் போடப்பட்டது.

பீம்ராவின் கடையில் மூன்று மிஷின்களும் ஓடத் தொடங்கின. முதல் தவணைச் சரக்கை அனுப்புவதற்கு முன் பார்வையிட, தலைமை ஆபீஸிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். கூடவே உஸ்மாவும். மதி நாற்காலி போட்டு, கூல்டிரிங்ஸ் கொடுத்தாள். அதிகாரி தார்ப்பாயைப் பிரித்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். தையலை விரலால் நெடுகத் தடவினார். பிறகு மூலையில் மிஷினில் குனிந்து தைத்துக்கொண்டிருந்த பீம்ராவின் பக்கம் திரும்பினார்.

“யாரும்மா இவரு?”

“வேலைக்கு வெச்சுக்கீறோம் சார்” என்றாள் மதி. உஸ்மா கூல்டிரிங்ஸை வேகமாக உறிஞ்சினார்.

அதிகாரி தார்ப்பாயை மடித்து வைத்தார். பெருமூச்சு விட்டார்.

“நல்லாத்தான் தைக்கிறாரு. குறை சொல்ல முடியாது. ஆனாலும் பீம்ராவ் கை மாதிரி வராதும்மா. அவரைப் பத்தி நெட்டுல நிறையப் படிச்சிருக்கேன். அந்த மாதிரி ஆளெல்லாம் இனிமே எங்கே?”

கடையில் இருந்த எல்லோரும் மூலையைப் பார்த்தார்கள். பீம்ராவ் மிஷினை நிறுத்தினார். அவருக்கு வாயைத் திறந்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் அதற்கு முன்பே நெஞ்சுக்குள் ஏதோ இளகிவிட்டது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“கரெக்டு சார்” என்றார். “அந்தாளு கை வேற. நம்மளால ஆவுமா?”

சொல்லிவிட்டு, அடுத்த துணியை இழுத்து மிஷினுக்கு அடியில் கொடுத்தார்.